பக்கங்கள் அதிகம்: டால்டன் டிரம்போவும் அவர் சேர்த்துவைத்த காகிதங்களும்

1947 அக்டோபர் 28 அன்று வாஷிங்டனில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் ‘அமெரிக்க விரோதச் செயல்பாடுகள்’ விசாரணைக் குழுவின் முன் சாட்சியாக அமர்ந்த டால்டன் டிரம்போ என்ற திரைக்கதை ஆசிரியர், தாம் எழுதிய 20 திரைக்கதைகளைக் குழுவின் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். ஹாலிவுட் படங்களுக்குள் கம்யூனிசப் பிரசாரம் நுழைந்துவிட்டதா என்று கண்டறிவதே விசாரணையின் நோக்கம் என்று சொல்லப்பட்டிருந்ததால், பிரசாரம் செய்ததாகக் குற்றம் சாட்டப்படுபவன் எழுதிய பக்கங்களையே படித்துப் பார்த்துவிடலாமே என்பது அவருடைய நியாயம். எத்தனை பக்கங்கள் வரும் என்று குழுத் தலைவர் ஜே. பார்னெல் தாமஸ் விசாரித்தார். பக்கங்கள் அதிகம் என்று சொல்லி மறுத்துவிட்டார். எழுதிக்கொண்டு வந்திருந்த அறிக்கையைப் படிக்கவும் டிரம்போவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருக்கிறீர்களா, முன்பு எப்போதாவது இருந்தீர்களா என்ற கேள்விக்கு, அதற்குச் சான்று ஏதாவது கையில் இருந்தால் முதலில் அதை எனக்குக் காட்டுங்கள் என்றார் அவர். காட்டவில்லை. சாட்சி இருக்கையிலிருந்து அவரை அகற்றிய பிறகுதான், ‘டால்ட் டி’ என்ற பெயரில் இருந்த கட்சி அட்டை ஒன்றைப் பற்றிக் குழுவின் புலனாய்வாளர் சாட்சியம் அளித்தார்.

எழுதிய பக்கங்களைப் படிக்க மறுத்து, ஓர் அட்டையை மட்டும் படித்துத் தீர்ப்பளித்த அந்த நாளுக்குப் பிறகு 13 ஆண்டுகள் டிரம்போவின் பெயர் எந்த ஹாலிவுட் படத்தின் டைட்டில் கார்டிலும் புதிதாக ஒப்பந்தமாகி வரவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் எழுதாமல் இருந்த நாட்கள் மிகக் குறைவு. எழுதியதற்கும் பெயருக்கும் இடையிலிருந்த தொடர்பைத்தான், அரசியல் சந்தேகத்துக்கு ஆளானவர்களுக்கு வேலை மறுத்த ‘கறுப்புப் பட்டியல்’ அறுத்துப்போட்டது. அறுந்ததை மீண்டும் ஒட்டுவதற்குப் பின்னாளில் உதவியவை அவர் சேர்த்துவைத்த காகிதங்கள்: கடித நகல்கள், திரைக்கதை வரைவுகள், கணக்கு வழக்குகள், வழக்கறிஞர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து. அவற்றில் பெரும்பகுதி விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் உள்ள மாநில வரலாற்றுச் சங்கத்திலும், வேறொரு பகுதி லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்புகளிலும் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு புகழ்பெற்ற எழுத்தாளரின் நினைவுச் சின்னங்களாக மட்டும் அவற்றைப் பார்ப்பது போதாது. ஒரு தொழில்துறை முழுவதும் சேர்ந்து சொன்ன பொய்க்கு எதிரான சாட்சியங்கள் அவை.

டிரம்போ 1905 டிசம்பர் 9 அன்று கொலராடோ மாநிலத்தின் மான்ட்ரோஸ் ஊரில் பிறந்து, அருகிலுள்ள கிராண்ட் ஜங்ஷனில் வளர்ந்தவர். செருப்புக் கடையில் வேலை பார்த்த தந்தை அந்த வேலையை இழந்தபின் குடும்பம் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. 1926இல் தந்தை இறந்தார். தாயையும் தங்கைகளையும் காப்பாற்றும் பொறுப்பு இருபது வயது இளைஞரின் தலையில் விழுந்தது. ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலைக்குச் சேர்ந்தார்; கொஞ்ச காலத்துக்கு என்று போனவர் எட்டு ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே இருந்தார். அந்த ஆண்டுகளில் அவர் எழுதிய 88 சிறுகதைகளும் ஆறு நாவல்களும் பதிப்பாளர்களிடமிருந்து திரும்பி வந்தன என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. இரவில் உழைத்துப் பகலில் எழுதிய அந்தப் பழக்கம் பின்னாளில் அவருக்கு எவ்வளவு தேவைப்படப்போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

1930களின் நடுவில் ஸ்டுடியோக்களின் குறைந்த செலவுப் படங்களுக்கு எழுதத் தொடங்கியவர் விரைவிலேயே மேலே வந்தார். முதல் உலகப் போரில் கை, கால், முகம் அனைத்தையும் இழந்தும் அறிவு மட்டும் விழித்திருக்கும் ஒரு வீரனைப் பற்றிய ‘ஜானி காட் ஹிஸ் கன்’ நாவல் 1939இல் வெளிவந்தது. 1940இல் வந்த ‘கிட்டி ஃபாயில்’ படத்தின் திரைக்கதைக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். போர்க்காலத்தில் எம்ஜிஎம் நிறுவனத்துக்காக அவர் எழுதிய ‘தர்ட்டி செகண்ட்ஸ் ஓவர் டோக்கியோ’ போன்ற படங்கள் அமெரிக்கப் படைகளின் வீரத்தைக் கொண்டாடியவை. வாரத்துக்கு 3,000 டாலர் அல்லது ஒரு திரைக்கதைக்கு 75,000 டாலர் என்ற எம்ஜிஎம் ஒப்பந்தம் அவரை ஹாலிவுட்டில் மிக அதிகச் சம்பளம் பெறும் எழுத்தாளர்களில் ஒருவராக்கியது. 1943இல் அவர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அப்போது சோவியத் ஒன்றியம் அமெரிக்காவின் நேச நாடு. கட்சி சட்டப்படி இயங்கிவந்தது. ஹாலிவுட்டில் கட்சிப் பணி என்பது பெரும்பாலும் எழுத்தாளர் சங்கம் கட்டுவது, நிதி திரட்டுவது, இனவெறிக்கு எதிராகப் பேசுவது என்ற அளவிலேயே நடந்தது. ஸ்டாலின் ஆட்சியின் கொடுமைகளை அந்தக் கட்சியினர் காண மறுத்தார்கள் என்பதும் உண்மைதான். டிரம்போவை மதிக்கிறவர்கள் அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒருவர் தவறான கருத்து கொண்டிருந்தார் என்பது அவருடைய பிழைப்பைப் பறிக்கப் போதுமான காரணமா என்பதுதான் இங்கே கேள்வி.

விசாரணைக்கு அழைக்கப்பட்டவர்களில் பத்துப் பேர் குழுவின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல மறுத்தார்கள். தன்னையே குற்றவாளியாக்கும் சாட்சியத்தை ஒருவர் சொல்லத் தேவையில்லை என்று பாதுகாப்பளிக்கும் ஐந்தாம் சட்டத்திருத்தத்தின் பின்னால் அவர்கள் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் கட்சியில் இருப்பது குற்றம் என்று ஒப்புக்கொள்வதுபோல அது ஆகிவிடும் என்பதால், கருத்துச் சுதந்திரத்தைப் பற்றிய முதல் சட்டத்திருத்தத்தையே நம்பி நின்றார்கள்; ஒரு மனிதனின் அரசியல் சார்பைக் கேட்கும் உரிமையே குழுவுக்கு இல்லை என்பது அவர்கள் வாதம். 1947 நவம்பர் 24 அன்று பிரதிநிதிகள் சபை 346க்கு 17 என்ற வாக்குகளில் பத்துப் பேரையும் சபை அவமதிப்புக்காகக் குற்றஞ்சாட்டியது. மறுநாளே, நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் கூடியிருந்த ஸ்டுடியோ முதலாளிகள், பத்துப் பேரையும் வேலையிலிருந்து நீக்குவதாகவும், இனித் தெரிந்தே எந்தக் கம்யூனிஸ்டையும் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை என்றும் அறிக்கை விட்டார்கள்.

இந்த அறிக்கை ஒரு பட்டியல் அன்று. பட்டியல் என்ற சொல்லே அதில் இல்லை. இதைப் புரிந்துகொண்டால்தான் டிரம்போவின் காகிதங்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். ஸ்டுடியோக்கள் எல்லாம் சேர்ந்து கையொப்பமிட்டு வெளியிட்ட பெயர்ப் பட்டியல் என்று ஒன்றும் இருக்கவில்லை. பத்தில் தொடங்கியது சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானவர்களைத் தொட்டது. விசாரணையில் யாரோ ஒருவர் உச்சரித்த பெயர்கள், தனியார் அமைப்புகள் அச்சிட்டு விற்ற கையேடுகள், அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பு ஸ்டுடியோக்களுக்கு அனுப்பிய தகவல்கள், தொலைபேசியில் மெதுவாகச் சொல்லப்பட்ட ஒரு சொல் ஆகிய எல்லாம் சேர்ந்ததே கறுப்புப் பட்டியல். ஒருவரிடம் யாரும் வந்து உன்னைத் தடைசெய்திருக்கிறோம் என்று சொல்வதில்லை. அழைப்பு வருவது நின்றுபோகும், அவ்வளவுதான். பட்டியலை நடத்தியவர்கள் எழுத்தில் தடம் விடாமல் பார்த்துக்கொண்டார்கள். பட்டியலில் இருந்தவர்களோ தாங்கள் எழுதியதற்குத் தடமே இல்லாமல் வாழ வேண்டியதாயிற்று. இந்த இடத்தில் ஒரு பொதுக் குழப்பத்தையும் நீக்கிவிடலாம். இந்தக் காலத்தைச் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் பெயரால் அழைப்பது வழக்கமாகிவிட்டாலும், ஹாலிவுட்டைக் குறிவைத்தது பிரதிநிதிகள் சபையின் குழுதான். மெக்கார்த்தி செனட்டைச் சேர்ந்தவர், 1950 வரை அவர் இந்தக் களத்திலேயே இல்லை.

பத்துப் பேரில் டிரம்போவும் ஜான் ஹவர்ட் லாசனும் முதலில் விசாரிக்கப்பட்டு 1948இல் தண்டிக்கப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் காப்பாற்றும் என்று அவர்கள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. ஆனால் சிவில் உரிமைகளில் உறுதியாக நின்ற நீதிபதிகள் ஃப்ராங்க் மர்ஃபி, வைலி ரட்லெஜ் இருவரும் 1949 கோடையில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். 1950 ஏப்ரலில் மேல்முறையீட்டை ஏற்க நீதிமன்றம் மறுத்தது. அந்த ஜூனில் டிரம்போ கென்டக்கி மாநிலத்தின் ஆஷ்லாண்ட் சிறைக்குப் போனார். ஓராண்டுத் தண்டனையில் பத்து மாதங்களைக் கழித்து 1951 ஏப்ரலில் வெளியே வந்தார். பக்கங்கள் அதிகம் என்று சொன்ன தலைவர் பார்னெல் தாமஸ், தம் அலுவலகச் சம்பளக் கணக்கில் மோசடி செய்ததற்காகத் தண்டிக்கப்பட்டு டான்பரி சிறையில் இருந்தார். பத்துப் பேரில் ரிங் லார்ட்னர் ஜூனியர், லெஸ்டர் கோல் இருவரும் அதே சிறையில் இருந்தார்கள்.

சிறைக்கு முன்பே தொடங்கிய மறைமுக வேலையைப் பற்றி இனிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மூரில் சொத்து ஒருவருடையதாகவும் பத்திரம் வேறொருவர் பெயரிலும் இருந்தால் ‘பினாமி’ என்போம். ஹாலிவுட்டில் கதைகள் பினாமியாக விற்கப்பட்டன. தடைசெய்யப்பட்ட எழுத்தாளர் எழுதுவார்; தடையில்லாத நண்பர் தம் பெயரில் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பார்; பணம் அவர் வழியாகத் திரும்பி வரும். அல்லது, இல்லாத ஒரு மனிதரின் பெயர் உருவாக்கப்படும். தயாரிப்பாளருக்கு இதில் கொள்ளை லாபம்: 75,000 டாலர் வாங்கியவரை ஐயாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் எழுதவைக்கலாம். 1950இல் வந்த ‘கன் கிரேசி’ படத்தில் மில்லார்ட் காஃப்மன் என்ற எழுத்தாளர் தம் பெயரை டிரம்போவுக்கு இரவல் கொடுத்தார். ஜோசப் லோசி இயக்கிய ‘தி பிரவ்லர்’ 1951இல் வந்தது. டிரம்போ எழுதியதற்கு ஹ்யூகோ பட்லரின் பெயர் போடப்பட்டது. அந்தப் படத்தில் வானொலி அறிவிப்பாளராக வரும் ஒரு கணவனின் குரலைப் பார்வையாளர்கள் கேட்கிறார்கள். அது டிரம்போவின் சொந்தக் குரல். பெயரைத் தடுத்தவர்களால் குரலைத் தடுக்க முடியவில்லை.

பினாமி கொடுத்த நண்பர்களைப் பற்றியும் ஒரு சொல். ‘ரோமன் ஹாலிடே’ கதைக்குத் தம் பெயரைக் கொடுத்தவர் இயன் மெக்லெலன் ஹண்டர். அதை விற்று வந்த பணத்தை அவர் டிரம்போவிடம் சேர்த்தார். 1953இல் படம் வெளிவந்து, அடுத்த ஆண்டு மார்ச்சில் சிறந்த கதைக்கான ஆஸ்கர் ஹண்டரின் பெயருக்குக் கிடைத்தது. அதற்குள் ஹண்டரும் தடைசெய்யப்பட்டவராகிவிட்டிருந்தார். தமக்கு உரிமையில்லாத சிலையை வீட்டில் வைத்துக்கொண்டு, உண்மையைச் சொன்னால் நண்பனுக்கும் தீங்கு, தனக்கும் தீங்கு என்ற நிலையில் ஒருவர் பல்லாண்டுகள் வாழ்வதென்றால் எவ்வளவு பாரமாக இருந்திருக்கும்! பெயர் இழந்தவரின் துயரம் பலமுறை பேசப்பட்டுவிட்டது; பெயர் கொடுத்தவரின் துயரம் அந்த அளவு பேசப்படவில்லை.

சிறையிலிருந்து வந்த டிரம்போ, பண்ணை வீட்டை விற்றுவிட்டு, மனைவி கிளியோவையும் மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு மெக்சிகோ நகரத்துக்குப் போனார். ஹ்யூகோ பட்லரின் குடும்பமும் உடன் சென்றது. ஹாலிவுட்டிலிருந்து தொலைவில் வேலை கிடைப்பது அரிதாக இருந்ததால் இரண்டு ஆண்டுகளில் பணம் கரைந்தது. 1954இல் லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரும்பி, ஹைலாண்ட் பார்க் பகுதியில் குடியேறினார். ஆனால் மெக்சிகோவில் பார்த்த காளைச் சண்டைகள் ஒரு கதையைக் கொடுத்தன: வளையத்துக்குள் வீரத்தோடு போராடியதால் உயிர்ப்பிச்சை பெறும் ஒரு காளையும், அதை வளர்த்த சிறுவனும். ஃப்ராங்க், மோரிஸ், ஹெர்மன் என்ற கிங் சகோதரர்கள் அதை ‘தி பிரேவ் ஒன்’ என்ற படமாக எடுத்தார்கள். கதை ஆசிரியராக அவர்கள் போட்ட பெயர் ராபர்ட் ரிச். அது அவர்களுடைய உறவினர் ஒருவரின் பெயர்.

1957 மார்ச்சில் சிறந்த கதைக்கான ஆஸ்கர் ராபர்ட் ரிச்சுக்கு என்று அறிவிக்கப்பட்டபோது மேடைக்கு அவர் வரவில்லை. மனைவியின் பிரசவத்துக்காக மருத்துவமனையில் இருக்கிறார் என்று கூறி, எழுத்தாளர் சங்கத்தின் சார்பில் ஜெஸ்ஸி லாஸ்கி ஜூனியர் சிலையைப் பெற்றுக்கொண்டார். மறுநாள் பத்திரிகையாளர்கள் தேடத் தொடங்கினார்கள். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் அப்படி ஒருவரே இல்லை. டிரம்போ இங்கேதான் தம் வாழ்வின் மிகச் சிறந்த உத்தியைக் கையாண்டார் என்பது என் கணிப்பு. நீங்களா ரிச் என்று கேட்டவர்களிடம் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேறு பல படங்களைப் பற்றிக் கேட்டபோதும் அப்படியே. விளைவாக, ஹாலிவுட்டில் நல்லதாக வரும் ஒவ்வொரு படத்தையும் தடைசெய்யப்பட்டவர் எவரோ எழுதியிருக்கலாம் என்ற ஐயம் பரவியது. மறைக்கப்பட்டிருந்ததால் பலம் பெற்றிருந்த பட்டியல், அந்த ஐயத்தால் வெளிச்சத்துக்கு வந்தது.

அடுத்த ஆண்டு இதேபோன்ற அவமானம் இன்னும் பெரிதாக நேர்ந்தது. ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படத்தின் திரைக்கதையை எழுதியவர்கள் மைக்கேல் வில்சனும் கார்ல் ஃபோர்மனும், இருவரும் தடைசெய்யப்பட்டவர்கள். எனவே திரைக்கதைக்கான ஆஸ்கர், மூல நாவலைப் பிரெஞ்சில் எழுதிய பியர் பூலுக்கு வழங்கப்பட்டது. அவர் ஆங்கிலத்தில் திரைக்கதை எழுதக்கூடியவர் அல்லர் என்பது ஹாலிவுட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்தப் படம் நமக்கு அவ்வளவு தொலைவானதும் அன்று. அது இலங்கையின் கித்துல்கல பகுதியில், களனி ஆற்றங்கரையில் படமாக்கப்பட்டது. அது சொல்லும், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் அமைத்த சயாம் மரண ரயில் பாதையில், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். திரையில் அந்தத் தமிழர்களுக்கு இடமில்லை. திரைக்கதையை எழுதியவர்களின் பெயருக்கும் அப்போது இடமில்லை. இரண்டும் ஒரே அளவிலான இழப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் அந்தப் படத்தை மறுபடி பார்க்கும்போது இரண்டையும் நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

விசாரணைக் குழுவுக்கு ஒத்துழைக்க மறுத்தவர்கள் ஆஸ்கர் பெறத் தகுதியற்றவர்கள் என்று 1957 பிப்ரவரியில் திரைப்பட அகாடமி கொண்டுவந்த விதியை 1959 ஜனவரியில் அதுவே நீக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த மாதமே ராபர்ட் ரிச் நான்தான் என்று டிரம்போ வெளிப்படையாகச் சொன்னார். 1960 ஜனவரியில், ‘எக்சோடஸ்’ படத்தை டிரம்போ எழுதுகிறார், அவர் பெயரே திரையில் வரும் என்று இயக்குநர் ஆட்டோ பிரமிங்கர் அறிவித்தார். சாம் ஜாக்சன் என்ற புனைபெயரில் அவர் எழுதிவந்த ‘ஸ்பார்டகஸ்’ படத்தில் சொந்தப் பெயர் போடப்படும் என்ற அறிவிப்பு அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்தது. ஸ்பார்டகஸின் மூல நாவலை எழுதிய ஹவர்ட் ஃபாஸ்டும் இதே குழுவை எதிர்த்துச் சிறை சென்றவர்தான்.

பட்டியலை உடைத்தவர் யார் என்பதில் இன்றுவரை சர்ச்சை உண்டு. அது தாம்தான் என்று ‘ஸ்பார்டகஸ்’ நாயகனும் தயாரிப்பாளருமான கர்க் டக்ளஸ் பிற்காலத்தில் எழுதினார். டிரம்போவின் குடும்பத்தாரும் சில ஆய்வாளர்களும் அதை ஏற்கவில்லை. கர்க் டக்ளஸ் பெரிய துணிவைக் காட்டினார் என்பதில் ஐயமில்லை. இருந்தாலும் நாட்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் பிரமிங்கரின் அறிவிப்பு ஏழு மாதங்கள் முந்தியது. அதற்கும் முந்தியது, குறைந்த கூலிக்கு எழுதி, எழுதி, சந்தையையே தம்மைச் சார்ந்திருக்கச் செய்த எழுத்தாளர்களின் பத்தாண்டு உழைப்பு. இந்தச் சர்ச்சையில் மேடிசன் காப்பகத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு: டிரம்போவின் காகிதங்கள் இருக்கும் அதே இடத்தில்தான் கர்க் டக்ளஸின் காகிதங்களும் இருக்கின்றன. படத்தின் முதல் தொகுப்பைப் பார்த்துவிட்டு டிரம்போ எழுதிய நீண்ட விமரிசனமும் அவற்றில் ஒன்று. ரோமையே நடுங்கவைத்த பேரெழுச்சியாக அடிமைகளின் போரைக் காட்டும் ‘பெரிய ஸ்பார்டகஸ்’, தொடக்கத்திலேயே தோற்கப்போவது தெரிந்துவிடும் ஒரு கலகமாக அதைச் சுருக்கும் ‘சிறிய ஸ்பார்டகஸ்’ என்று அவர் அதில் பிரித்துப் பேசினார். திரையில் நாம் பார்ப்பது இந்த இரண்டும் கலந்த ஒரு வடிவம். ஒரு காட்சி ஏன் அப்படி அமைந்தது என்பதை எழுதியவர், தயாரித்தவர் என்ற இரு தரப்பின் காகிதங்களையும் அருகருகே வைத்துப் படித்து அறிவதற்கு இவ்வளவு நல்ல வாய்ப்பு அரிது.

டிரம்போ தம் காகிதங்களை 1960களின் தொடக்கத்தில், தடை முழுவதும் விலகுமுன்பே விஸ்கான்சினுக்குக் கொடுக்கத் தொடங்கினார். விஸ்கான்சின் பல்கலைக்கழகமும் மாநில வரலாற்றுச் சங்கமும் இணைந்து நாடக, திரைப்பட ஆவணங்களுக்கென ஒரு மையத்தை 1960இல் தொடங்கியிருந்தன. பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் பழைய கோப்புகளைக் குப்பையென்று கருதிய காலம் அது. ஆல்பர்ட் மால்ட்ஸ், ஆல்வா பெஸ்ஸி, சாமுவேல் ஆர்னிட்ஸ், ஹெர்பர்ட் பைபர்மன் என்று பத்துப் பேரில் மற்றவர்களின் காகிதங்களும், அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களின் கோப்புகளும் அங்கே சேர்ந்தன. மெக்கார்த்தியைச் செனட்டுக்கு அனுப்பிய அதே மாநிலம்தான், அந்தக் காலத்தில் துரத்தப்பட்டவர்களின் எழுத்துகளுக்கு அடைக்கலம் கொடுத்தது. ஆவணக் காப்பாளர்கள் செய்யும் இத்தகைய பணிக்கு யாரும் மாலை போடுவதில்லை. ஆனால் அவர்கள் அப்போது எழுதிக் கேட்டு வாங்கியிராவிட்டால் பின்னர் நடந்தது எதுவும் நடந்திராது.

அந்தக் கடிதங்களிலிருந்து ஹெலன் மான்ஃபுல் தொகுத்த, 1942 முதல் 1962 வரையிலான கடிதங்களின் நூல் 1970இல் வெளிவந்தது. அவற்றில் என்னை அதிகம் தொடுபவை அரசியல் கடிதங்கள் அல்ல. பணத்தைப் பற்றியவையும் குழந்தைகளைப் பற்றியவையுமே. கடன் கேட்பது, கடன்காரரிடம் தவணை கேட்பது, வர வேண்டிய தொகையைத் தயாரிப்பாளரிடம் நினைவூட்டுவது என்று பக்கம் பக்கமாக நீள்கின்றன. ஹைலாண்ட் பார்க் பள்ளியில் இளைய மகளைச் சக மாணவர்கள் ஒதுக்கித் துன்புறுத்தியதைப் பற்றி அவர் எழுதிய கடிதத்தில், எப்போதும் அவரிடம் இருக்கும் வேடிக்கைப் பேச்சு முற்றிலும் அடங்கி, ஒரு தகப்பனின் வேதனை மட்டும் நிற்கிறது. கறுப்புப் பட்டியலைச் சட்டப் பிரச்சினையாகவும் தொழில் பிரச்சினையாகவும் மட்டும் பேசுகிறவர்கள் அந்த ஒரு கடிதத்தைப் படிக்க வேண்டும்.

ஆயினும் இந்தக் காகிதங்களை வாசிப்பதற்கு எச்சரிக்கை வேண்டும். டிரம்போ இயல்பிலேயே கடிதத்தை ஓர் இலக்கிய வடிவமாகக் கையாண்டவர், இரவெல்லாம், குளியல் தொட்டியில் அமர்ந்து குறுக்கே ஒரு பலகையை வைத்துக்கொண்டு எழுதியவர், நகல் வைத்துக்கொண்டவர். நகல் வைத்துக்கொண்டு எழுதுகிறவர் எதிரிலிருப்பவருக்காக மட்டும் எழுதுவதில்லை. மேலும், தம் கடிதத்தை எஃப்பிஐ படிக்கலாம் என்று அஞ்ச வேண்டிய காலத்தில், புனைபெயரில் பேரம் பேசி, வேறு பெயரில் வங்கிக் கணக்கு வைத்து வாழ்ந்த ஒருவரின் கோப்புகளில், எது உண்மையான பெயர், எது மறைப்பு என்று பிரித்தறிவதே தனி வேலை. ஒரு வரைவில் ஜான் அபட் என்ற புனைபெயர் இருக்கும். மற்றொன்றில் பெயரே இராது. மறைப்பதற்காக எழுதப்பட்ட காகிதங்களே பிறகு வெளிப்படுத்தும் சான்றுகளாக வேண்டியிருந்தன.

எஃப்பிஐயோடு தொடர்புடைய ஒரு நிகழ்வை அவரே 1959இல் தம் ‘ஜானி காட் ஹிஸ் கன்’ நாவலின் மறுபதிப்பு முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஹிட்லரோடு சமாதானம் வேண்டும் என்று விரும்பிய யூத வெறுப்பாளர்கள் சிலர், அவருடைய போர் எதிர்ப்பு நாவலின் படிகள் வேண்டும் என்று அவருக்குக் கடிதம் எழுதினார்கள். கவலைப்பட்ட டிரம்போ அந்தக் கடிதங்களை எஃப்பிஐயிடம் ஒப்படைத்தார். வீட்டுக்கு வந்த அதிகாரிகளின் நாட்டம் கடிதம் எழுதியவர்களைவிடத் தம்மீதே இருந்தது என்பது பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அடுத்தவர் பெயரை அரசிடம் கொடுப்பது என்ன என்பதை அவர் தம் கையாலேயே ஒருமுறை அறிந்திருந்தார். 1970இல் எழுத்தாளர் சங்கம் தமக்கு லாரல் விருது வழங்கிய மேடையில், அந்த இருண்ட காலத்தில் வில்லன்களையும் வீரர்களையும் தேடுவதில் பயனில்லை, அகப்பட்டுக்கொண்ட எல்லோரும் பாதிக்கப்பட்டவர்களே என்று அவர் பேசியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று கருதுகிறேன்.

பத்துப் பேரில் ஒருவராகச் சிறை சென்ற ஆல்பர்ட் மால்ட்ஸால் அந்தப் பேச்சைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. காட்டிக்கொடுத்தவனையும் காட்டிக்கொடுக்கப்பட்டவனையும் ஒரே தட்டில் வைப்பதா என்று அவர் கேட்டார். இருவருக்கும் இடையே நீண்ட, கசப்பான கடிதங்கள் போய்வந்தன. எனக்கு இந்த வாதத்தில் மால்ட்ஸ் பக்கமே மனம் சாய்கிறது. மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. ஆனால் அதற்காக நடந்தது என்ன என்ற கணக்கைக் கலைத்துவிடக் கூடாது. டிரம்போ கடினமான உழைப்பாலும் திறமையாலும் மீண்டு வந்தவர். தொழிலையே விட்டுப் போனவர்கள், எழுதுவதையே நிறுத்திக்கொண்டவர்கள், கடித நகல் எடுத்துவைக்கும் மனநிலையோ வசதியோ இல்லாதவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய காகிதங்கள் எந்தக் காப்பகத்திலும் இல்லை. அவர்கள் சார்பில் பொதுமன்னிப்பு வழங்க யாருக்கும் உரிமை இல்லை.

பெயர்கள் திரும்பிவந்தது மிக மெதுவாகவே நடந்தது. ‘தி பிரேவ் ஒன்’ படத்துக்கான சிலையை அகாடமியின் தலைவர் வால்டர் மிரிஷ் 1975இல் டிரம்போவிடம் நேரில் கொடுத்தார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 10 அன்று டிரம்போ இறந்தார். ‘ரோமன் ஹாலிடே’ கதைக்கான ஆஸ்கர் 1993இல் கிளியோவிடம் வழங்கப்பட்டது. 1990களில் எழுத்தாளர் சங்கம் பழைய படங்களின் கோப்புகளைத் திறந்து, வரைவுகளையும் கடிதங்களையும் உயிரோடிருந்தவர்களின் சாட்சியங்களையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு படமாக உண்மையான பெயர்களை மீட்டது. பினாமி முறை நன்றாக நடந்த இடங்களில் இது கடினமாயிற்று. திறமையாக மறைக்கப்பட்ட எழுத்துக்குச் சான்றும் குறைவாகவே இருக்கும் அல்லவா?

‘ரோமன் ஹாலிடே’ திரைக்கதையின் பங்கு மட்டும் இன்னும் தீராமல் இருந்தது. கதை டிரம்போவுடையது என்பது ஏற்கப்பட்டிருந்தாலும், திரைக்கதைக்கான பட்டியலில் ஹண்டரின் பெயரும் ஜான் டைட்டனின் பெயருமே நின்றன. டிரம்போவின் மகன் கிறிஸ்டோஃபரும் ஹண்டரின் மகன் டிமும் சேர்ந்து பேசி, இதைத் திருத்தும்படி சங்கத்தைக் கேட்டுக்கொண்டார்கள். பெயர் இழந்தவரின் மகனும் பெயர் கொடுத்தவரின் மகனும் ஒன்றாக வைத்த கோரிக்கை அது. கிறிஸ்டோஃபர் தம் தந்தையின் கடிதங்களைக் கொண்டு நாடகம் அமைத்தவர். அந்தக் காலத்தின் வரலாற்றைத் திரட்டுவதிலேயே பல ஆண்டுகளைச் செலவிட்டவர். 2011 ஜனவரியில் அவர் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் சங்கத்தின் முடிவு வந்தது: திரைக்கதை, டால்டன் டிரம்போ, இயன் மெக்லெலன் ஹண்டர், ஜான் டைட்டன்.